திரும்பி வந்த நானூறு நிப்புகள்

அந்தப் பெட்டியை ஒரு நிமிடம் இப்படிக் கொடுங்கள் சார். பயப்பட வேண்டாம், பறித்துக்கொண்டு ஓடுகிற வயதில்லை. ஓடினாலும் இந்தத் துறையூர் வண்டிக் கூட்டத்தில் எங்கே ஓடுவது? கண்டக்டரே படியில் தொங்கிக்கொண்டு வருகிறார்.

கொக்கு பேனா. கூரியரில் வரவழைத்தீர்களா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நீங்கள் ஏறும்போதே அட்டையில் அந்தக் கொக்குப் படத்தைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்து உங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சும்மா யாருக்காவது ஜன்னல் ஓரம் கொடுப்பேனா?

என்ன வேலை பார்க்கிறீர்கள்? தமிழ் வாத்தியாரா? நினைத்தேன். இந்த நிப்பு தமிழ் எழுதுகிறவர்களைத்தான் இழுக்கும்.

உள்ளே ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். மூன்றாவது பக்கத்தைத் திருப்புங்கள். மீசை வைத்த ஒருவன் படம் இருக்கிறதா? கீழே என்ன போட்டிருக்கிறது? 'தமிழுக்கென்று ஒரு நிப்பைச் செதுக்கிய மேதை அருளப்பன்.' போதும் சார், மெதுவாகப் படியுங்கள். எனக்கு வயிறு எரிகிறது. மேதையாம்!

அந்த நிப்பைத் தேய்த்தவன் நான். என் பெயர் வெள்ளைக்கண்ணு. அந்தப் புத்தகத்தை முன்பக்கம் பின்பக்கம் புரட்டினாலும் என் பெயர் கிடைக்காது. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். மாலை வேண்டாம், சால்வை வேண்டாம். அவன் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பாலக்கரையில் கொக்கு பேனா கம்பெனி என்று ஒன்று இருந்தது. கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு நீள ஓட்டுக் கட்டடம், பதினோரு பேர். வாசலில் கடைசல் மெஷின்கள். கடைசியில் ஜன்னல் பக்கமாக நிப்பு மேசை. அந்த மேசையில் ரெண்டே பேர், அருளப்பனும் நானும்.

நிப்பு வெளியூரிலிருந்து வரும். நுனியில் கடுகில் கால்வாசிக்கு ஒரு மணி ஒட்டியிருக்கும். வந்தபடியே போட்டு எழுதினால் காகிதத்தைப் பிறாண்டும். அதை நைசான கல்லில் தேய்க்க வேண்டும். தேய்ப்பது, மையில் தோய்ப்பது, எழுதிப் பார்ப்பது. எங்கே இடறுகிறதோ அந்த இடத்தைத் திரும்பத் தேய்ப்பது. இடறாமல் போகிற வரைக்கும் இதே வேலை. தேய்ப்பதில் ஒன்றும் இல்லை சார், யாரும் தேய்க்கலாம். எழுதிப் பார்ப்பதில்தான் இருக்கிறது எல்லாம்.

எங்கள் முதலாளி கோதண்டம் ஒரு அட்டையில் ஒரு இங்கிலீஷ் வரியை எழுதிச் சுவரில் மாட்டியிருந்தார். இருபத்தாறு எழுத்தும் அந்த ஒரு வரியில் வந்துவிடுமாம். ஒவ்வொரு நிப்பிலும் அந்த வரியை ஒருமுறை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். அருளப்பன் எட்டாவது வரை பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். மளமளவென்று எழுதுவான். நான் ரெண்டாவதோடு நின்றவன். அந்த அட்டையில் இருந்தது எனக்கு எழுத்து மாதிரியே தெரியாது, வேலிக்கு ஊன்றிய குச்சி மாதிரி தெரியும்.

எனக்கு எழுதத் தெரிந்தது ஒன்றே ஒன்று. என் பெயர். அதைத்தான் எழுதிப் பார்ப்பேன். வெள்ளைக்கண்ணு, வெள்ளைக்கண்ணு, வெள்ளைக்கண்ணு. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை. நீங்களே உங்கள் விரலால் இந்தச் சீட்டுக்கம்பியில் எழுதிப் பாருங்கள். நேர்கோடு அதிகம் வருகிறதா? எல்லாம் சுழி, எல்லாம் வளைவு. என் நிப்பு என் பெயரைச் சும்மா வெண்ணெயில் கத்தி போவது மாதிரி எழுதும். எழுதினால் போதாதா?

போதாது என்பான் அருளப்பன்.

"டேய் வெள்ளை, மத்தியானம் ஒரு அரை மணி உட்காரு. அந்த வரியை எழுதச் சொல்லித் தர்றேன்."

"எதுக்கு? என்னைக் கலெக்டராக்கப் போறியா?"

"உன் நிப்பு மேல இருந்து கீழ இறங்குறப்ப நல்லாத்தான் இருக்கு. கீழ இருந்து நேரா மேல ஏறுறப்ப கொத்துதுடா. இங்கிலீஷ் எழுதுறவன் கொத்தினா திட்டுவான்."

"என் நிப்பு எனக்குக் கொத்தல. நீ உன் தட்டைப் பாரு."

பார்க்க மாட்டான் சார். மத்தியானம் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறந்தால், அவன் என் தட்டிலிருந்து நிப்புகளை அள்ளித் தன் பக்கம் வைத்துக்கொண்டு, அந்த இங்கிலீஷ் வரியை எழுதி எழுதித் திரும்பத் தேய்ப்பான். யார் சொன்னது? நானா சொன்னேன்? ஒருத்தன் செய்த வேலையை இன்னொருத்தன் எடுத்துத் திருத்துவது என்ன மரியாதை? முதலாளியிடமாவது சொன்னானா என்றால் அதுவும் இல்லை. சொல்லியிருந்தால் நேருக்கு நேர் நின்று ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேன். வாயே திறக்காமல் செய்தால் எங்கே போய்ச் சண்டை போடுவது?

எண்பத்தொன்றாம் வருடம். இங்கிலீஷிலேயே எழுதுகிற ஒரு பெரிய ஆபீசிலிருந்து நானூறு பேனாவுக்கு ஆர்டர் வந்தது. பதினைந்து நாளில் வேண்டும் என்றார்கள். அதே சமயத்தில் என் மனைவிக்குப் பிரசவம். ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். ஆர்டர் அவசரத்தில் நான் எப்படி எழுந்து போவது? அருளப்பன் சொன்னான், "உன் கை வேகம், நீ உட்காரு. நான் போயிட்டு வர்றேன்." அவன் வீட்டில் கஞ்சி வைத்துக் கொடுப்பார்கள். தினமும் மத்தியானம் சைக்கிளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவான். போகிற வழியெல்லாம் நாலு பேர் பார்ப்பார்கள் இல்லையா? நல்லவன் வேஷம். வார்டில் நர்சுகள்கூட அவனைத்தான் புருஷன் என்று நினைத்துவிட்டார்களாம். என் மனைவியே சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது கவனியுங்கள். இதுதான் முக்கியம். அந்தப் பதினைந்து நாளும் மத்தியானத்தில் அவன் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. என் தட்டை எடுத்துப் பார்க்கவில்லை. நானூறு நிப்பையும் நானே தேய்த்து முடித்தேன், நானூறு பேனாவும் பெட்டியில் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் அத்தனையும் திரும்பி வந்தது. மரப்பெட்டியோடு வந்து வாசலில் இறக்கினார்கள். கூடவே ஒரு காகிதம். எழுதும்போது தாளைக் கிழிக்கிறது, ஒருவராலும் கையெழுத்துப் போட முடியவில்லை என்று.

முதலாளி பெட்டியை நடுவில் வைத்து எல்லாரையும் நிற்க வைத்தார். நிப்பு மேசையில் இருப்பது ரெண்டு பேர். "யார்ரா தேய்ச்சது?" என்றார்.

"நான்தான் முதலாளி," என்றான் அருளப்பன்.

நான் வாயைத் திறக்கவே நேரம் கொடுக்கவில்லை சார். எதிலும் முந்திக்கொள்கிற புத்தி அவனுக்கு. திரும்பி வந்த சரக்கு எழுதுகிற நோட்டு ஒன்று உண்டு. அதில் முதலாளி எழுதினார், 'நானூறு நிப்பு, தேய்த்தது அருளப்பன், தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டான்.' கீழே அவன் கையெழுத்துப் போட்டான். அழகாக இங்கிலீஷில். அந்தச் சனிக்கிழமையோடு அவனை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? நான் ஏன் பேசவில்லை என்று கேட்கிறீர்களா? முதலாளி ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் வந்துவிட்டது. பதில் வந்த கேள்விக்கு இன்னொருத்தன் பதில் சொல்வானா? உங்கள் வகுப்பில் சொல்வார்களா?

அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. முதலாளி அடிக்கடி சொல்ல ஆரம்பித்தார், "தப்புப் பண்ணினாலும் ஒத்துக்கிட்டான் பாரு, அவன் மனுஷன்." வேலையை விட்டு அனுப்பியவரே அவனைப் புகழ்கிறார். நிப்பைத் தேய்த்த நிலையிலேயே வெளியில் வாங்கிக்கொள்ளலாம் என்று மேசையையும் எடுத்துவிட்டார். என்னை மூடி கடைகிற இடத்துக்குத் தள்ளினார். கம்பெனி மூடுகிற வரைக்கும் பத்தொன்பது வருடம் மூடி கடைந்தேன். போனவனுக்குப் புகழ், இருந்தவனுக்கு மூடி.

அவன் ஒரு சினிமாக் கொட்டகையில் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் போனால் சிரித்துக்கொண்டே வருவான். "குழந்தை எப்படி இருக்குடா வெள்ளை?" என்பான். ஒருதரம் கேட்டால் பரவாயில்லை. பார்க்கிறபோதெல்லாம் கேட்டால்? நான் சைக்கிளை வெளியில் மரத்தடியில் நிறுத்திவிட்டுப் படம் பார்க்க ஆரம்பித்தேன். ரெண்டு சைக்கிள் திருட்டுப் போயிற்று. அதுவும் அவனால்தான்.

மண்ணச்சநல்லூர் வந்துவிட்டதா? இறங்காதீர்கள், நீங்கள் துறையூர்தானே? சரி.

அந்த நானூறு பேனாவை முதலாளி தூக்கிப் போடவில்லை. குறைந்த விலைக்கு விற்றார். பத்திரம் எழுதுகிறவர்கள் வந்து வாங்கினார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து நாள் முழுதும் தமிழிலேயே எழுதுகிறவர்கள். பத்தாம் நாள் திரும்பி வந்தார்கள். சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள் என்று முதலாளி பயந்துபோனார். அவர்கள் கேட்டது, "அந்தத் திரும்பி வந்த நிப்பு இன்னும் இருக்கா? கை வலிக்கவே இல்லைங்க." தீர்ந்துவிட்டது என்றார் முதலாளி. நான் மூடி கடைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்சு இப்படி நிமிர்ந்தது சார். ஆனால் அப்போது போய் நான்தான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் பழைய கதை எல்லாம் வரும்.

நாற்பது வருடம் போய்விட்டது. போன வருடம் சென்னையிலிருந்து மதுவந்தி என்று ஒரு பெண் வந்தது. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டுப் பழைய பேனாக்களைப் புதிதாகச் செய்து விற்கிறதாம். அதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறதாம். மை வாங்கினால்கூடப் புட்டியைப் படம் பிடித்துப் போட்டு நூறு பேர் பேசுவார்களாம். முசிறியில் ஒரு பத்திர எழுத்தர் வீட்டில் அந்த நானூறில் ஒன்று அதன் கையில் கிடைத்திருக்கிறது. எழுதிப் பார்த்து அசந்துபோய், நுனியை மெஷினில் வைத்து மலை மாதிரி பெரிதாக்கிப் படம் எடுத்து, எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு, அதே மாதிரி புது நிப்பு செய்துவிட்டது. முதலாளியின் பேரனிடம் கொக்கு மார்க்கையும் வாங்கிவிட்டது. கூடவே அந்தத் திரும்பி வந்த சரக்கு நோட்டையும். நோட்டில் யார் பெயர் இருக்கிறது?

அருளப்பன் பெயர்.

செய்தித்தாளில் வந்ததை டீக்கடையில் படித்துச் சொன்னார்கள். வருகிற ஞாயிறு காலை கண்டோன்மெண்டில் ஒரு ஓட்டலில் வெளியீட்டு விழா, மறைந்த நிப்பு மேதை அருளப்பனின் மகளுக்கு மரியாதை. டீயை அப்படியே வைத்துவிட்டேன். வேலையை விட்டுப் போனவன் என் நிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் சார்!

ஞாயிறு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். விழா தொடங்க இன்னும் நேரம் இருந்தது. மதுவந்தியைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். நல்ல பெண். கோபப்படவில்லை. ஒரு பேனாவைத் திறந்து, ஒரு தாளையும் வைத்து, "எழுதிக் காட்டுங்கய்யா," என்றது.

எழுதினேன். வெள்ளைக்கண்ணு.

நான் என்ன சொல்ல! நாற்பது வருடத்துக்குப் பிறகு என் கை என் கல்லில் தேய்த்த மாதிரியே போயிற்று. இன்னொருதரம் எழுதினேன். இன்னொருதரம். பேனாப் பைத்தியங்கள் இருபது பேர் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். தாடிக்காரர் ஒருவர் என் விரலைப் படம் எடுத்தார். மதுவந்தி அந்த மெஷின் படத்தைக் கொண்டு வந்து என் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஒவ்வொரு வளைவையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. அதன் கண் கலங்கிவிட்டது சார்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேஞ்சிருக்குன்னு ஒன்றரை வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டேன். உங்க பேரா அது? இந்த நிப்பே உங்க கையெழுத்துதான்யா! புத்தகத்தை மாத்திடுறேன். மேடையிலயே சொல்லிடுறேன்."

அந்த நிமிடம் இருக்கிறதே, அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும்.

கூட்டத்துக்குப் பின்னால் அருளப்பன் மகள் நின்றிருந்திருக்கிறாள். பிலோமினா. தையல் கடை வைத்திருக்கிறாள். அப்பன் மாதிரியே சத்தம் போடாத பேச்சு.

"வெள்ளைக்கண்ணு மாமா, அப்ப அந்தத் திரும்பி வந்த பேனாவெல்லாம் நீங்க தேய்ச்சதா?"

இது ஒரு கேள்வியா சார்? அத்தனை பேருக்கு நடுவில் ஒரு பெரிய மனிதனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

"தேய்ச்சது நான்தாம்மா. திரும்பி வந்தது வேற விஷயம்," என்றேன்.

"எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க மாமா. நானூறு நிப்பை எப்படிங்க கெடுத்தீங்க, கையில என்ன வாதமான்னு. அப்பா ஒரு நாளும் உங்க பேரைச் சொல்லல. கை தவறிடுச்சு, விடுன்னுடுவாரு."

பார்த்தீர்களா? கட்டின பெண்டாட்டியிடமே பொய் சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்டவனைத்தான் மேதை என்று அச்சடித்திருக்கிறார்கள்.

தாடிக்காரர் செல்போனைக் கீழே இறக்கிவிட்டார். சற்று முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கியவர்கள் எல்லாம் காப்பி இருக்கிற பக்கம் நகர்ந்தார்கள். நான் பிலோமினாவிடம் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். "உங்கப்பா மத்தியானத்துல வழக்கம்போல மேசையில உட்கார்ந்திருந்தா அந்த நிப்பு கெட்டிருக்குமா? ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி தூக்கிட்டுப் போனது யாரு?" என்று கேட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். "அந்தப் பிரசவத்துல பிறந்தது யாரு மாமா, முத்தழகியா? நல்லா இருக்காளா?" என்று கேட்டாள்.

நல்லா இருக்காள் என்றேன். வேறு என்ன சொல்வது?

மதுவந்தி என்னைத் தனியே ஒரு அறைக்குக் கூட்டிப் போயிற்று. ஒரு தாளில் ரெண்டு வரி அச்சடித்துக் கொண்டு வந்தது. படித்துக் காட்டியது. 'கொக்கு நிப்பைத் தன் பெயரை எழுதி எழுதித் தேய்த்தவன் வெள்ளைக்கண்ணுவாகிய நான்.' இது ஒரு வரி. நன்றாகத்தானே இருக்கிறது? அடுத்த வரி, 'அதற்கான பழியைத் தான் ஏற்றுக்கொண்டு எனக்காக வேலையை இழந்தவர் அருளப்பன்.'

"கீழ கையெழுத்துப் போடுங்கய்யா. உங்க படத்தை மூணாம் பக்கத்துல போட்டுடுறேன். ரெண்டு பேர் படமும் பக்கத்துப் பக்கத்துல."

"முதல் வரி போதும்மா. ரெண்டாவது எதுக்கு?"

"ரெண்டும் உண்மைதானேய்யா?"

"உண்மைன்னா எல்லாத்தையும் அச்சடிக்கணுமா?"

அது சிரிக்கவில்லை. "ஒரு வரியை மட்டும் என்னால போட முடியாது. பிலோமினாக்காவுக்கு நான் என்ன பதில் சொல்றது? வீட்டுக்குக் கொண்டு போங்க. யோசிச்சுக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. அடுத்த பதிப்புல மாத்திடுறேன்," என்றது.

விழா நடந்தது. பிலோமினாவுக்குச் சால்வை போட்டார்கள். அவள் மேடையில் ஒரு வார்த்தை என்னைப் பற்றிச் சொல்லவில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. அப்பன் புத்தி அப்படியே. சொல்லியிருந்தாலாவது எழுந்து மறுத்திருப்பேன்.

மூன்று வாரமாக யோசிக்கிறேன். அந்தத் தாள் இதோ, சட்டைப் பையிலேயே இருக்கிறது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது சார், நீங்கள் படித்தவர், சொல்லுங்கள். தவறு தன்னுடையது என்று அவனே கையெழுத்துப் போட்டிருக்கிறான். நோட்டு இருக்கிறது, சாட்சி இருக்கிறது. அப்படி இருக்க, எனக்காக என்று எப்படி எழுதலாம்? நான் கேட்டேனா? ஒரு மனிதன் ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்ட தவறு அவனுக்கே இருக்கட்டும். நிப்பு எனக்கு வரட்டும். அவனுடையதை நான் எடுக்கவில்லை, என்னுடையதை அவன் எடுக்கக்கூடாது. இதில் என்ன பிழை?

அதனால் ஒரு சின்ன உதவி. ரெண்டாவது வரியை மட்டும் ஒரு கோடு போட்டு அடித்துக் கொடுங்கள். நான் அடித்தால் கோணலாகப் போகும், வேண்டுமென்றே கிறுக்கியது மாதிரி இருக்கும். அச்சு எழுத்து பொடிப்பொடியாக வேறு இருக்கிறது, முதல் வரி எங்கே முடிந்து ரெண்டாவது எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. மாற்றி அடித்துவிட்டால் என் கதி என்ன ஆவது? வாத்தியார் கையால் ஒரு கோடு விழுந்தால் அதற்கு ஒரு மதிப்பு இருக்கும். பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று எழுதிவிடுங்கள். கையெழுத்தை நான் போட்டுக்கொள்கிறேன்.

வண்டி ஆடுகிறதா? முழங்காலில் பையை வைத்து, அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆம், அப்படித்தான். அந்தக் கொக்கு பேனாவையே எடுங்கள், மை நிரப்பித்தான் அனுப்புகிறார்கள்.

இவ்வளவு நேரம் என்ன சார் படிக்கிறீர்கள்? ரெண்டே வரிதானே. அடியுங்கள். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தால் நிப்பில் மை காய்ந்துவிடும்.